லெவல் இடைவெளி: இணையப் பாத்திர விளையாட்டுகளில் நண்பர் குழு கலைவதும் கூடியிருப்பதும்

மேப்பிள்ஸ்டோரி என்ற இணையப் பாத்திர விளையாட்டின் தென்கிழக்காசியப் பதிப்பு 2005ஆம் ஆண்டு வெளிவந்தபோது சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களாக இருந்தவர்களுக்குக் கெர்னிங் நகரத்துக் கூட்டுப்பணி நன்றாக நினைவிருக்கும். நால்வர் சேர்ந்தால்தான் அதற்குள் நுழைய முடியும். ஆட ஆட ஏறும் பாத்திரத்தின் வளர்ச்சிப் படியை லெவல் என்பார்கள். நால்வரும் 21ஆம் லெவலுக்கும் 30ஆம் லெவலுக்கும் இடைப்பட்டவர்களாக இருக்க வேண்டும். உள்ளே போனபின், யார் எந்தக் கயிற்றில் தொங்குவது, யார் எந்த மேடையில் நிற்பது என்று பேசிப் பேசிச் சரியான சேர்க்கையைக் கண்டுபிடித்து, அறை அறையாகக் கடந்து, கடைசி அறையில் காத்திருக்கும் கிங் ஸ்லைமை அடித்து வீழ்த்த வேண்டும். ஒரே வகுப்பில் படித்த நாங்கள் நால்வரும் செங்காங்கிலும் ஹவ்காங்கிலும் அவரவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே கூடுவோம். எங்களுள் ஒருவனுக்கு மட்டும் வார நாள்களில் துணைப்பாட வகுப்பு கிடையாது. மற்ற மூவரும் 24, 25 என்று நின்றிருந்த ஒரு வாரத்தில் அவன் தனியாக ஆடி 31ஐத் தொட்டுவிட்டான். "டேய், முப்பத்தொண்ணு ஆயிட்டியாடா?" என்று மறுநாள் பள்ளி உணவகத்தில் கேட்டபோது அவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டது இன்னும் என் கண்முன் நிற்கிறது.

அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. விதி எங்கள் அனைவருக்கும் முன்பே தெரிந்ததுதான் என்பதால் விளையாட்டைக் குறைசொல்லவும் இடமில்லை. வாரத்துக்குச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைத்த ஒருவனும் கிடைக்காத மூவரும் ஒரே கதவுக்கு முன்னால் நின்றார்கள், கதவு எண்ணைப் பார்த்தது. சிறிது காலத்துக்குப் பின் 35 முதல் 50 வரையிலான லெவலில் ஆறு பேர் சேர்ந்து ஆடும் லூடிபிரியம் கூட்டுப்பணியில் அவனுக்கு வேறு தோழர்கள் கிடைத்தார்கள். பள்ளியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில்தான் அமர்ந்திருந்தோம். மாலையில் மட்டும் வெவ்வேறு உலகில் இருந்தோம்.

அப்போது தொடங்கி இன்றுவரை, பல விளையாட்டுகளிலும் பல குழுக்களிலும் இதே கலைவை நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதற்குச் சலிப்பு, சண்டை, வயது, திருமணம் என்று காரணம் சொல்வார்கள். அவையெல்லாம் உண்டு. ஆயினும் அவற்றுக்கு அடியில் பெரும்பாலும் ஒரே இயக்கம் வேலை செய்வதாகவே நான் கருதுகிறேன்: நண்பர்களுக்குக் கிடைக்கும் நேரம் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை, இவ்வகை விளையாட்டுகளோ அந்தச் சமமின்மையை எண்ணாக மாற்றிச் சேமித்து வைக்கின்றன. சதுரங்கத்திலோ பூப்பந்திலோ ஒரு மாதம் வராமல் இருந்தவர் திரும்பி வந்தால், கை சற்றுத் தடுமாறும், அவ்வளவுதான். பலகையும் திடலும் அவரை ஏற்றுக்கொள்ளும். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் அந்த ஒரு மாதம் அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே பத்து லெவலாக, புதிய ஆயுதமாக, கடந்துபோன கதையாகக் குவிந்து கிடக்கும்.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததன்று. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற எழுத்துவழி விளையாட்டிலேயே, ஆட ஆட மேலே ஏறும் படிநிலைகள் இருந்தன. 1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் அதை மேலும் இறுக்கியது. அங்கே ஒரு குழுவில் ஆறு பேர் வரை சேரலாம். ஆனால் உயர்ந்தவரின் லெவல், தாழ்ந்தவரின் லெவலைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால், தாழ்ந்தவருக்கு லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி கிடைக்காது. இருபதில் இருப்பவர் முப்பதில் இருப்பவருடன் பயன்பெற ஆடலாம், முப்பத்தொன்றில் இருப்பவருடன் முடியாது. பலசாலி நண்பன் பக்கத்தில் நிற்க, ஒன்றும் செய்யாமலே வளரும் வழியை அடைப்பதற்காக இட்ட வேலி அது. நியாயமான வேலிதான். எனினும் அது ஏமாற்றுக்காரரையும் அலுவலகத்தில் கூடுதல் நேரம் வேலை செய்ததால் பின்தங்கிய நண்பரையும் ஒரே தராசில் நிறுத்தியது.

பார்ட்டில் பின்னாளில், 1996இல், விளையாட்டாளர்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்: சாதிக்க விரும்புவோர், ஆராய விரும்புவோர், பழக விரும்புவோர், பிறரை வீழ்த்த விரும்புவோர். அந்தப் பகுப்பை மனத்தில் வைத்து ஒரு நண்பர் குழுவைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். முன்பின் அறியாதவர்கள் சேரும் கில்டு என்ற நிலையான குழுவில் ஒரே விருப்பம் உடையவர்கள் தாமாகவே திரளுவார்கள். நண்பர் குழு அப்படித் திரண்டதன்று. ஒரே வகுப்புப் பட்டியல், ஒரே புளோக், ஒரே கோயில் திருவிழா, ஒரே தமிழ் வகுப்பு ஆகியவை சேர்த்து வைத்த மனிதர்கள் அவர்கள். ஆகவே அவர்களுள் ஒருவர் இரவோடிரவாக லெவல் ஏற்றுவார், ஒருவர் மலையுச்சியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் குழுவை விட்டு நடந்துவிடுவார், ஒருவர் வாய் ஓயாமல் பேசுவதற்காகவே உள்ளே வருவார். நேரம் சமமாகக் கிடைத்தாலும்கூட வேகம் சமமாக இருக்காது.

இதைச் சரிசெய்ய விளையாட்டை வடிவமைத்தவர்கள் இரண்டு வழிகளைக் கண்டார்கள். தாழ்ந்தவரை மேலே தூக்குவது ஒன்று, உயர்ந்தவரைக் கீழே இறக்குவது மற்றொன்று. 2004 ஏப்ரலில் தொடங்கிய சிட்டி ஆஃப் ஹீரோஸ் முதல் வழியை எடுத்தது. அங்கே ஒரு மூத்த வீரர் இளையவரைத் தம் துணைவீரராக ஏற்றுக்கொண்டால், அவருடன் இருக்கும்வரை இளையவரின் போர்த்திறன் மூத்தவரின் லெவலுக்கு ஒன்று குறைவான அளவுக்கு உயரும். அன்றைக்கு அது பெரிய விடுதலை. ஆயினும் தூக்கப்பட்டவருக்குப் புதிய சக்திகள் எவையும் கிடைக்கவில்லை. எண்ணில் சமமாக நின்றாரே தவிர, கையில் இருந்தவை அவருடைய பழைய இரண்டு மூன்று உத்திகள்தாம். இரண்டாம் வழியை ஃபைனல் ஃபேன்டஸி 11 அதன் 2008ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில் கொண்டுவந்தது. குழுவில் ஒருவரைக் குறித்தால், அவரைவிட உயர்ந்தவர்கள் எல்லாரும் அவருடைய லெவலுக்கு இறங்கிவிடுவார்கள். 2012இல் வந்த கில்ட் வார்ஸ் 2, யாரும் கேட்காமலே, ஒருவர் நிற்கும் நிலப்பகுதிக்கு ஏற்ப அவரைத் தானாக இறக்கியது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில் தன் நிலப்பரப்பு முழுவதையும் அனைவருக்கும் பொதுவாக்கியது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இந்தப் பாதைக்குத் தாமதமாகவே வந்தது. குழுவினரின் லெவலையும் பணிப் பட்டியலையும் ஒத்திசைக்கும் வசதி 2019 செப்டம்பரில்தான் அங்கே கிடைத்தது.

இரண்டில் இறக்கும் வழியே நட்புக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. தூக்கிவிடப்பட்டவர் நன்றி சொல்லும் நிலையில் இருக்கிறார், ஒவ்வொரு முறையும் மூத்தவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. இறங்கி வந்தவரோ எதையும் இழப்பதில்லை. தமக்குத் தெரிந்த பாதையை நண்பருக்குக் காட்டும் மகிழ்ச்சி அவருக்குக் கிடைக்கிறது, எதிரியின் அடி மறுபடியும் வலிக்கும் என்பதால் ஆட்டமும் உயிரோடு இருக்கிறது. தம்பிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணன் கூடவே ஓடுவானே, அந்த மாதிரியான சமநிலை அது.

ஆனால் லெவல் இடைவெளியை மூடியதும் வேறு இடைவெளிகள் வெளியே தெரிந்தன. ஃபைனல் ஃபேன்டஸி 14 இதற்கு நல்ல சான்று. 2010இல் தொடங்கித் தோல்வி கண்டு, 2013 ஆகஸ்டில் புதிதாய் எழுந்த அந்த விளையாட்டில், லெவல் ஒத்திசைவு உண்டு. ஒரே பாத்திரம் எந்த வேலையையும் கற்றுக்கொள்ளலாம் என்பதால், குழுவில் குணப்படுத்துபவர் இல்லாத இரவில் மற்றொருவர் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். நண்பர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு அரிது. ஆனால் அங்கே முதன்மைக் கதைதான் சாவி. புதிதாய்ச் சேரும் நண்பர், மற்றவர்கள் இன்று ஆடும் ரெய்டு என்ற பெரிய கூட்டுப்போருக்கு வர வேண்டுமானால், அதுவரையிலான கதை முழுவதையும் கடந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேரம் அதற்குத் தேவைப்படும். இலவசமாக ஆடிப்பார்க்கும் வசதி 2023 அக்டோபர் முதல் 70ஆம் லெவல் வரை தாராளமாக நீண்டாலும், அந்தக் கணக்கை வைத்திருப்பவர் தாமே குழுவை அமைக்கவோ, நண்பர்களின் கில்டில் சேரவோ இயலாது. அழைப்புக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒன்று, வாரக் கணக்கு. அதே விளையாட்டின் கடினமான ரெய்டுகளில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பகைவனை வென்றால் இரண்டு பரிசுப் பெட்டிகள் கிடைக்கும். எட்டுப் பேரில் ஒருவர் அந்த வாரத்தில் அவனை ஏற்கெனவே வேறு குழுவோடு வென்றிருந்தால், ஒரு பெட்டிதான் கிடைக்கும். ஐந்து பேரோ அதற்கு மேலோ முன்பே வென்றிருந்தால் பெட்டியே இல்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை இரவு தூக்கம் வராமல் அறிமுகமற்றவர்களோடு போய் வென்றுவிட்டு வந்த ஒரு நண்பர், சனிக்கிழமை மற்ற எழுவரின் பங்கையும் குறைத்துவிடுகிறார். அவர் அதை மறைத்துவிட்டால் பெட்டி அவரைக் காட்டிக்கொடுக்கும். இவ்விதமாகத் தொடங்கிய மனத்தாங்கல்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டிருக்கிறேன். இதற்கு மருந்தும் எளிதுதான்: கடினமான ரெய்டில் இறங்கும் முன்பே, அந்த வாரத்து முதல் வெற்றி குழுவுக்கே உரியது என்று வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்வது. பேசாமல் இருப்பதுதான் பிசகு. அவரவர் மனத்தில் அவரவர் விதி ஓடிக்கொண்டிருக்கும்.

குழுவின் அளவு குறித்த சிக்கலை வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வரலாற்றைப் போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டியதில்லை. 2004 நவம்பரில் வெளிவந்த அந்த விளையாட்டின் தொடக்ககாலப் பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் வேண்டும். 2007 ஜனவரியில் வந்த முதல் விரிவாக்கத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 25ஆகக் குறைத்தது. அதற்கு முன்படியாகக் கராஸான் என்ற கோட்டைக்கு 10 பேர் மட்டுமே போகலாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 பேரை வைத்திருந்த கில்டு 25 பேரைத் தேர்ந்தெடுத்து 15 பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. 25 பேரை வைத்திருந்த கில்டு கராஸானுக்கு இரண்டு அணிகளை அனுப்பினால் ஐந்து பேர் வெளியே நின்றார்கள். யார் அந்த ஐவர் என்ற கேள்விக்கு வலிக்காத விடை கிடையாது. பத்துப் பேர் அணி இரண்டு அமைந்ததும் அவற்றுள் ஒன்று முந்தும், மற்றொன்று பின்தங்கும், பின்தங்கிய அணியில் இருக்கும் நல்ல ஆட்டக்காரரை முந்திய அணி இழுத்துக்கொள்ளும். விருந்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை இலையின் எண்ணிக்கை தீர்மானித்தது. 2013 செப்டம்பரில் 10 முதல் 25 வரை எத்தனை பேர் வந்தாலும் பகைவனின் வலிமை அதற்கேற்ப மாறும் நெகிழ்வான ரெய்டு முறை வந்தபோதுதான், வந்தவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாற முடிந்தது. நண்பர் குழுக்களுக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களுள் இதையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அதே விளையாட்டில் 2009 டிசம்பரில் வந்த வேறொரு வசதி எதிர்த்திசையில் வேலை செய்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களில் இருக்கும் ஐவரைச் சேர்த்து டன்ஜன் என்ற, சிறு குழு சேர்ந்து கடக்கும் நிலவறைக்கு அனுப்பும் வசதி அது. குழந்தை தூங்கும் அரை மணி நேரத்தில் ஆட நினைப்பவருக்கு அது பெரும் உதவி என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அதுவரை நண்பர்களைத் தேடித் தேடிக் கேட்டு, வராதவருக்காகக் காத்திருந்து, காத்திருக்கும் நேரத்தில் பேசிக்கொண்டிருந்த பழக்கம் அதனால் தேவையற்றதாயிற்று. நிக்கோலா டுஷெனோ, நிக் யீ ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் இந்த விளையாட்டின் சர்வர்களில் திரட்டிய தரவுகளை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, பலர் பிறரோடு சேர்ந்து ஆடுவதைவிடப் பிறர் சூழ்ந்திருக்கத் தனியாக ஆடுவதையே மிகுதியாகச் செய்கிறார்கள் என்று முன்பே காட்டியிருந்தது. குழுவாக ஆடுவது லெவல் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது என்பதையும் அது குறிப்பிட்டது. ஆடிப் பழகியவர்களுக்கு அதன் காரணம் தெரியும். பத்துப் பன்றித் தோல் சேகரிக்கும் பணியை ஐவர் சேர்ந்து செய்தால், ஐம்பது தோல் வேண்டும்.

ஆக, சேர்ந்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத் தெரிந்தே கொடுக்க முடிவு செய்தவர்கள்தாம் சேர்ந்திருக்கிறார்கள். அதே 2006இல் கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலரும் டிமிட்ரி வில்லியம்ஸும் எழுதிய மற்றோர் ஆய்வு, இவ்வகை விளையாட்டுகள் வீடும் வேலையிடமும் அல்லாத மூன்றாம் இடமாக விளங்குகின்றன என்று வாதிட்டது. நமக்கு அந்தக் கருத்தை விளக்கத் தேவையில்லை. புளோக்கின் வெற்றுத்தளத்தில் கல்மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களையும், கோப்பிக்கடையில் ஒரே மேசைக்கு நாள்தோறும் வருபவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த மேசைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: மூன்று மாதம் வராதவரிடம் கோப்பிக்கடை மேசை எதையும் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் நேரத்தின் சமமின்மை தனக்கே உரிய ஒரு கால அட்டவணையில் வருகிறது. சாதாரண நிலைத் தேர்வு முடிந்ததும் நண்பர்கள் பிரிகிறார்கள். தொடக்கக் கல்லூரிக்குப் போனவர் இரண்டு ஆண்டுகளில் மேல்நிலைத் தேர்வை முடித்து ஆண்களுக்குக் கட்டாயமான முழுநேரத் தேசிய சேவைக்கு, அதாவது படைப் பணிக்கு, செல்கிறார். பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனவர் மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பை முடித்துவிட்டுத்தான் செல்கிறார். சேவை இருவருக்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஒருவர் முடித்து வரும் வேளையில் மற்றவர் இடைவழியில் இருப்பார். ஆக, ஒரே வயதுடைய நான்கைந்து இளைஞர்களைக் கொண்ட குழுவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் யாரேனும் ஒருவர் முகாமில் இருந்துகொண்டே இருப்பார். குழுவில் இருக்கும் பெண்களுக்கோ அந்த ஆண்டுகளில் பல்கலைக்கழகமும் முதல் வேலையும் தொடங்கிவிடுகின்றன. புலாவ் தெக்கோங்கில் அடிப்படைப் பயிற்சி பெறும் நண்பர் வார இறுதியில்தான் வீட்டுக்கு வருகிறார், அதிலும் ஞாயிறு இரவுக்குள் முகாமுக்குத் திரும்பிப் புக் இன் செய்ய வேண்டும். எங்கள் குழு பல ஆண்டுகளாக ஞாயிறு இரவில்தான் கூடியது. முதல் நண்பன் சேவைக்குப் போன மாதத்தில் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். இன்று யாரும் முகாமில் இல்லை, இருந்தும் சனிக்கிழமை மாறவில்லை.

அதற்குப்பின் தொலைவு வருகிறது. படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளிநாடு போன நண்பருடன் ஆடும்போது சர்வர் எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகிவிடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூரிலிருந்து தோக்கியோ ஏறக்குறைய 5,300 கிலோமீட்டர், சிட்னி 6,300, லாஸ் ஏஞ்சலிஸ் 14,000. போய்த் திரும்புவதற்கு முறையே 53, 63, 140 மில்லிநொடி ஆகும். இது இயற்கை விதிக்கும் குறைந்த அளவு, நடைமுறையில் கேபிள் வளைந்து வளைந்து போவதால் இன்னும் கூடும். குணப்படுத்துபவரின் கை தாமதித்தால் அனைவரும் மடிவார்கள் என்ற கடினமான ரெய்டில் இந்த வேறுபாட்டை உணர முடியும். மணிக்கணக்கு அதைவிடப் பெரிய தடை. சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை என்றால் சென்னையில் ஏழு மணி, அங்கிருக்கும் நண்பர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். சிட்னியில் பதினொன்றரை, கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. மூன்று ஊர்களையும் சேர்க்கும் குழு, யாராவது ஒருவரின் இரவுச் சோற்றையோ தூக்கத்தையோ ஒவ்வொரு வாரமும் கேட்கிறது. அதே நபரிடமே ஆண்டு முழுவதும் கேட்கக்கூடாது என்பதற்காகச் சில குழுக்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. நல்ல பழக்கம் அது.

குழுவினர் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றுள் எனக்குத் தெரிந்து மிகவும் பயன் தருவது, கூட்டுப் பாத்திரம். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி தனியாக வளர்க்கும் முதன்மைப் பாத்திரம் ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு அப்பால் அனைவரும் ஒரே நாளில் புதிய பாத்திரம் ஒன்றை உருவாக்குகிறார்கள், குழு கூடும் இரவில் மட்டும் அதில் நுழைகிறார்கள். மற்ற நாளில் அதைத் தொடுவதில்லை. இரவோடிரவாக லெவல் ஏற்றும் நண்பர் தம் முதன்மைப் பாத்திரத்தோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், யாரும் அவரைத் தடுக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவில் அவரும் மற்றவர்களோடு அதே லெவலில் நிற்பார். 31ஐத் தொட்ட எங்கள் நண்பனிடம் 2005இல் நாங்கள் இதைச் சொல்லியிருக்கலாம். அப்போது எங்களுக்குப் பதினான்கு வயது, இப்படியொரு வழி இருப்பது தோன்றவில்லை.

இதைச் செய்யும்போது, எத்தனை பேர் வந்தால் ஆட்டம் நடக்கும் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அனைவரும் வந்தால்தான் என்று வைத்த குழுக்கள் சில வாரங்களில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வராததால் மற்ற நால்வரின் இரவு வீணாகிறது. இரண்டு முறை வீணானதும் மூன்றாம் முறை இருவர் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். ஐவர் குழுவுக்கு மூவர் போதும் என்பது எங்கள் கணக்கு. மூவர் வந்தால் வெளிநிலத்தில் சிறு பணிகளைச் செய்வோம், ஐவரும் வந்தால் டன்ஜனுக்குப் போவோம். வராதவரின் பாத்திரம் பின்தங்கினால், அவர் தாமே ஓர் இரவு ஒதுக்கி எட்டிப் பிடிக்கலாம் என்பது மட்டும் விதிவிலக்கு. கிடைக்கும் பொருள்களைப் பங்கிட, 1999இல் எவர்குவெஸ்ட் கில்டு ஒன்றில் டிராகன்களைக் கொல்வதற்காக உருவாக்கப்பட்ட புள்ளி முறை போன்ற பல முறைகள் உண்டு. பெரிய கில்டுகளுக்கு அவை தேவை. ஐந்து நண்பர்களுக்கு அவை வேண்டாம் என்றே சொல்வேன். புள்ளி எழுதும் நோட்டு வந்ததும், வராத நாள்களும் எண்ணாகிவிடும்.

யாரும் அதிகம் பேசாத மற்றொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். வாட்ஸ்அப்பில் வியாழக்கிழமையே யார் யார் வருகிறீர்கள் என்று கேட்பவர், பதில் சொல்லாதவருக்குத் தனியாக அழைப்பவர், டன்ஜனின் வரைபடத்தை முன்கூட்டியே படித்து வைப்பவர், குணப்படுத்தும் ஹீலர் கிடைக்காதபோது தமக்குப் பிடிக்காத அந்த ஹீலர் வேலையைத் தாமே எடுத்துக்கொள்பவர். எங்கள் குழுவில் அவர் ஒரு தாதி. சுழற்சி நேரத்தில் வேலை செய்பவர். எங்கள் எல்லாரையும்விடக் குறைந்த ஓய்வு உடைய அவரேதான் ஏழு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார். ஒருமுறை இரவுப் பணி தொடர்ந்து வந்ததால் மூன்று வாரங்கள் அவரால் கேட்க முடியவில்லை. அந்த மூன்று வாரமும் குழு கூடவில்லை. யாருக்கும் விருப்பம் இல்லாமல் இல்லை. மற்றவர் கேட்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். அவர் திரும்பி வந்து, "ஏன், உங்களுக்குக் கூப்பிடத் தெரியாதா?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அதன்பின் அழைக்கும் பொறுப்பை மாதத்துக்கு ஒருவராக மாற்றிக்கொண்டோம். என் மாதத்தில்தான், நாலு பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு நீல நிற டிக் விழுந்தும் பதில் வராத இரவுகள் எவ்வளவு தளர்ச்சி தருகின்றன என்பதை அறிந்தேன். ஒரு குழு கலையும்போது, ஆட்டம் சலித்துவிட்டது என்று சொல்வதற்குப் பல மாதம் முன்பே, கேட்பவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருப்பார்.

விளையாட்டுக்கும் முடிவு உண்டு என்பதால், குழுவின் உறவு ஒரே விளையாட்டுக்குள் மட்டும் இருந்துவிடக்கூடாது. துணைவீரர் முறையைக் கொண்டுவந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் ஆர்வலர்கள் அதை மீண்டும் நடத்தத் தொடங்கி, 2024 ஜனவரியில் அவர்களுள் ஒரு பிரிவுக்கு முறையான உரிமமும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஒருவரையொருவர் விளையாட்டுப் பெயரால் மட்டுமே அறிந்திருந்தவர்கள் தொலைந்துபோயிருப்பார்கள். 2015இல் வந்த டிஸ்கார்டு போன்ற பேச்சுத் தளங்கள் இதில் பெரிதும் உதவுகின்றன. விளையாட்டு மாறினாலும் குரல் கூடும் அறை மாறுவதில்லை. சிங்கப்பூர் நண்பர்களுக்கு அதைவிட எளிய வழியும் உண்டு. எம்ஆர்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எந்த நண்பரின் வீட்டையும் அடையலாம். தீபாவளிக்கு மறுநாள் யாராவது ஒருவரின் வீட்டில் மடிக்கணினிகளோடு கூடுவது எங்கள் வழக்கம். முறுக்கு எண்ணெய்க் கையோடு விசைப்பலகையைத் தொடாதே என்று அந்த வீட்டு அம்மா அதட்டுவதும் வழக்கம்.

இப்போது நாங்கள் ஐவர், 2019இல் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் ஆடுகிறோம். பழைய விதிகளை அப்படியே வைத்திருக்கும் அந்தப் பதிப்பில் லெவல் ஒத்திசைவு எதுவும் இல்லை, ஆகவே கூட்டுப் பாத்திர முறை இல்லாமல் எங்களால் சேர்ந்திருக்க முடிந்திருக்காது. இரண்டு ஆண்டுகளில் 36ஆம் லெவலுக்கு வந்திருக்கிறோம். தனியாக ஆடுபவர் சில வாரங்களில் கடக்கும் தூரம் அது. அன்று 31ஐத் தொட்ட நண்பனும் எங்களோடு இருக்கிறான். அவனுக்கு மூன்று மாதங்களுக்கு முன் பெண் குழந்தை பிறந்தது, இன்னும் சனிக்கிழமை இரவுகள் அவன் கையில் இல்லை. ஸ்கார்லெட் மடாலயத்தின் கல்லறைப் பகுதியை முன்பே முடித்துவிட்டோம். நூலகப் பகுதிக்குள் நால்வராகவே போய்விடலாம், வெல்லவும் கூடும். இந்தச் சனிக்கிழமையும் அதன் வாசல்வரை போய்விட்டு, வெளிநிலத்துப் பணிகளுக்குத் திரும்பினோம்.